கணக்கறிஞர் குமரப்பா

பண்டை நூலோர் அரசர்க்குரிய சுற்றத்தை வகுத்துரைக்குமிடத்து எண்பேராயம் என்பதொன்றைக் கூறினர். அவ்வெண்மருள் முதற்கண் வைத்தெண்ணப்பட்டோர் கரணத்தியலவர், அஃதாவது கணக்கர். படைத்தலைவரும் யானைவீரரும் அவர்க்குப் பின்னரே நிற்பர். நாட்டில் விளைவது எவ்வளவு, உண்பவர் எத்துணையர், இறை கொடுத்தபின் குடிகட்கு எஞ்சுவது யாது என்பவற்றை உள்ளபடி அறிந்து உரைப்பார் இல்லையாயின், அரசன் எத்துணை வீரனாயினும் இருளில் நடப்பவனே ஆவான் என்பது நம் முன்னோர் துணிபு போலும். இக்காலத்தில் அத்தொழிற்குப் பொதுக்கொள்கை ஆராய்ச்சி என்று பெயர் வழங்குகின்றது. பெயர் புதிது, தொழில் பழையது.

சென்ற கோடையில், பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி நெய்யும் நம் மரபினர் ஒருவர் தம் மகளுடன் என் இல்லத்திற்கு வந்தார். அப்பெண் பொருளாதாரத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றவள். மேற்கொண்டு பொதுக்கொள்கை ஆராய்ச்சி பயில விழைபவள். தந்தையார்க்கோ ஐயம். வைத்தியத் தொழில் இன்னதென்று அவர்க்குத் தெரியும், பொறியியலும் தெரியும், வக்கீல் தொழிலும் தெரியும். ஊர் ஊராய்ச் சென்று வீட்டுக்கு வீடு வினாவி எழுதுவதும் ஒரு தொழிலாமோ, அதற்கு ஊதியம் தருவார் யார், அதனாற் பிறர்க்கு ஆகும் நன்மைதான் யாது என்று வினவினார். யான் தமிழ் கற்பிப்பவன், அத்துறையிற் பயின்றவனல்லன். ஆயினும் அன்றிரவு அவ்விருவர்க்கும் குமரப்பா என்னும் பெரியாருடைய வரலாற்றைச் சொன்னேன். அதனையே சிறிது விரித்து நம் இதழன்பர் யாவர்க்கும் ஈண்டு எழுதலுற்றேன்.

ஜே. சி. குமரப்பா நம் குலத்தவரல்லர், நம் சமயத்தவருமல்லர். குலத்தாருடைய இதழில் அவர்க்கு இடம் ஏன் என்று சிலர் வினவக்கூடும். கைத்தொழில் செய்து உண்ணும் மக்களின் வறுமையை இரக்கச் சொற்களால் அன்றி எண்களால் எடுத்துக்காட்டி வழக்குரைத்த தமிழர் அவர். அவரால் நமக்கு ஆன நன்மை, நம் குலத்திற் பிறந்து நம்மை மறந்தார் பலரால் ஆகவில்லை. இவ்வளவே என் விடை.

அவர் 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் தோன்றினார். தந்தையார் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் வகித்தவர். இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது. குமரப்பா என்பது குடும்பத்து மூதாதையர் பெயர். நாட்டுப்பற்று மிக்க பின்னர் அதனையே தமக்குரியதாகக் கொண்டனர். உடன்பிறந்தாருள் பாரதன் குமரப்பாவும் பின்னாளில் காந்தியடிகளின் பணியில் ஈடுபட்டு நூல்கள் எழுதியவர்.

இளமையில் செல்லதுரை இலண்டன் மாநகர் சென்று கணக்குத் தணிக்கைத் தொழிலைக் கற்றுத் தேறினார். அங்கேயே அத்தொழில் செய்து வாழ்ந்தும் இருப்பார். அன்னையார் வற்புறுத்தி அழைத்தமையின் 1919இல் தாய்நாடு திரும்பினார். பம்பாயில் ஆங்கிலேயர் நிறுவனமொன்றில் சில ஆண்டு பணிசெய்து, பின்னர் வேறொருவருடன் கூடித் தாமே ஒரு தணிக்கை நிறுவனம் நடத்தினார். உடையும் உணவும் உரையும் ஐரோப்பியர் முறையிலேயே அமைந்திருந்தன. அந்நாளில் அவரைக் கண்டார் எவரும் இவர் ஒருநாள் சிற்றூர்க் குடிசையில் வாழ்வார் என்று எண்ணியிரார்.

திருப்பம் அமெரிக்காவில் நேர்ந்தது. 1927இல் அங்குச் சென்றவர் ஸிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வாணிக மேலாட்சி பயின்று பட்டம் பெற்றார். பின் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி நூல் பயின்றார். ஒருகால் கிறித்தவக் கோயிலொன்றில் இந்தியா வறுமையுற்றிருப்பது ஏன் என்னும் பொருள்பற்றி அவர் பேசிய பேச்சின் சுருக்கம் செய்தித்தாளில் வெளிவந்தது. ஆசிரியர் செலிக்மன் அதனைக் கண்ணுற்றார். வரிநூலில் உலகம் போற்றும் புலவர் அவர். அதனையே ஆராய்ந்து பட்டத்திற்குரிய கட்டுரையாக்குமாறு மாணவரை ஏவினார்.

மேடையிற் பேசுவது ஒன்று. ஆராய்ந்து நிறுவுவது மற்றொன்று. மேடையில் இந்தியா வறுமையுற்றது என்றால் கைதட்டுவர். ஆராய்ச்சியிலோ ஒவ்வொரு ரூபாயும் எவரிடமிருந்து வந்தது, எவரிடம் சென்றது என்று காட்டல் வேண்டும். குமரப்பா அரசாங்கத்து வரவுசெலவு ஏடுகளை ஒரு வணிகனுடைய பேரேட்டைத் தணிக்கை செய்வதுபோலவே ஆராய்ந்தார். வரி பெரும்பாலும் ஏழைக் குடிகளிடமிருந்து வருவதையும், அது படைக்கும் உயர்ந்த சம்பளங்கட்கும் கடன்வட்டிக்கும் போவதையும், பள்ளிக்கும் சுகாதாரத்திற்கும் எஞ்சுவது சிறிதே என்பதையும் கண்டார். அவர் நாட்டுப்பற்றுடையவராய் அமெரிக்கா சென்றவரல்லர். ஏடுகளைப் புரட்டிப் புரட்டி நாட்டுப்பற்றுடையவரானார். பொதுநிதியும் நம் வறுமையும் என்னும் பொருள்பட அவ்வாராய்ச்சி பின்னர் நூலாக வெளிவந்தது.

1929இல் நாடு திரும்பியவர் அதனை வெளியிடக் கருதிக் காந்தியடிகளைக் காண விழைந்தார். அவ்வாண்டு மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தில் நிகழ்ந்த சந்திப்புப் பலராற் சொல்லப்படுவது. குறித்த நேரத்திற்கு முன்னரே சென்ற குமரப்பா, மேனாட்டு உடையும் கைத்தடியுமாய் உலாவுகையில், மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் ஒரு முதியவர் நூல் நூற்றிருக்கக் கண்டார். சிறிது நேரம் அதனையே பார்த்து நின்றார். முதியவர் கடிகாரத்தை நோக்கிவிட்டு நீவிர் குமரப்பாவோ என்று வினவிய பின்னரே, தாம் காண வந்தவர் அவரே என்று தெளிந்தார். விலையுயர்ந்த உடையென்றும் பாராது அம்மெழுகிய தரையிலேயே அமர்ந்துவிட்டார். நூற்பவர் முன் தணிக்கையாளர் தரையில் அமர்ந்தது நெசவாளராகிய நமக்கு ஒருவகை மகிழ்ச்சி தருவதே.

காந்தியடிகள் அவ்வாராய்ச்சியைத் தம் யங் இந்தியா இதழிற் பகுதி பகுதியாக வெளியிட இசைந்தார். அத்துடன் ஒரு பணியும் தந்தார். குஜராத்துச் சிற்றூர்களின் பொருள்நிலையை நேரிற்கண்டு ஆராய்ந்து எழுதல் வேண்டும் என்பது அது. குமரப்பாவுக்குக் குஜராத்தி மொழி தெரியாது. குஜராத் வித்யாபீடத்தில் காகா காலேல்கர் முதலில் அதனையே தடையாகச் சொல்ல, அவர் பம்பாய்க்குத் திரும்பியும் விட்டார். காந்தியடிகள் மீண்டும் அழைத்து, அவ்வித்யாபீடத்தில் ஆசிரியராக்கி, மாணவர் சிலரை உடன்கூட்டி அனுப்பினார்.

கேடா ஜில்லாவில் மாதர் தாலூகா என்பதொன்று உளது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச்சு வரை அத்தாலூகாவில் 54 ஊர்களை அவர்கள் ஆராய்ந்தனர். நிலம் எவ்வளவு, அதில் ஒவ்வொரு சாதிப் பயிரும் எவ்வளவு, உழவுமாடு எத்தனை, விதைக்கும் எருவுக்கும் கூலிக்கும் செலவு யாது, கடன் எவரிடம், வட்டி என்ன, ஆண்டில் எத்தனை நாள் வேலையின்றி இருக்கின்றனர் என்று வீடுதோறும் வினாவினர். முடிவு எளியது; ஆனால் அரசினர்க்கு இன்னாதது. நிலவரி, விளைவின் மிகுதியிலிருந்து கொடுக்கப்படுவதாக அரசினர் ஏடுகள் சொல்லின. உண்மையில் அது பலரிடத்து உண்ணும் உணவிலிருந்தும் வாங்கிய கடனிலிருந்துமே கொடுக்கப்பட்டது. கிளர்ச்சித் தலைவர் இதனைச் சொல்லியிருப்பின் அரசினர் எளிதில் தள்ளியிருப்பர். ஊர்ப்பெயரும் எண்ணும் வரிசையாகத் தரப்பட்டதனால், மறுப்போர் தாமும் அவ்வூர்களுக்குச் சென்று எண்ணல் வேண்டியதாயிற்று.

வினாவும் கலையைப்பற்றி இங்கு ஒன்று சொல்லாமல் மேற்செல்ல என் மனம் ஒருப்படவில்லை. எழுதுகோலுடன் வாயிலில் வந்து நிற்கும் அன்னியனைக் கண்டவுடன் எந்தக் குடியானவனும் வரி போடவந்தவன் என்றே அஞ்சுவான். விளைவைக் குறைத்தும் கடனைக் கூட்டியும் சொல்வான். நம் தெருக்களில் மட்டும் என்ன வாழ்ந்தது? தறி எத்தனை என்று கேட்பவனை நோக்கி, உதவித்தொகை தர வந்தவனாயின் ஒன்று, வரி போட வந்தவனாயின் வேறொன்று சொல்லும் வழக்கம் நம்மிடத்தும் உண்டன்றோ? ஆதலின் ஆராய்வோன் வினாவினும் மிகுதியாகப் பார்க்கக் கற்றல் வேண்டும். பாவு நீட்டியிருக்கின்றதா, தறிக்குழியில் ஈரம் படிந்து தறி நின்றுகிடக்கின்றதா, கோர்வைக்கு உடனிருந்து உதவும் சிறுவன் எவன், தார் சுற்றுபவர் எவர் என்பனவற்றை அவன் கண் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒரு சேலை நெய்தற்கு ஆடவன் ஒருவனே உழைத்தான் என்று எழுதப்படுங்கால், பட்டு சுற்றிய பாட்டியும் தார் சுற்றிய மனைவியும் வேலையற்றோர் பட்டியலில் விழுந்துவிடுகின்றனர். கூலி வகுக்குங்காலும் அவர்க்குப் பங்கில்லை. ஒரு வினாத்தாளில் ஒரு வரி விடுபடுவதனால் ஒரு குலத்துப் பெண்டிர் அனைவருடைய உழைப்பும் மறைந்துபோதல் கூடும்.

இத்தகைய ஊராராய்ச்சி நம் காஞ்சிக்கும் அயலானதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆசிரியராய் 1915இல் அமர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர், தம் மாணவரை அவரவர் ஊர்க்கு அனுப்பி வினாத்தாள் நிரப்பிவரச் செய்து, 1918இல் தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப்பற்றி நூல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று பாலாற்றுக்குத் தெற்கே நமக்கு அண்மையிலுள்ள தூசி. அவ்வூர்களையே 1936-37இல் வேறு அறிஞர் மீண்டும் ஆராய்ந்தனர்; அதன் பின்னரும் ஆராய்ந்துள்ளனர். ஓர் ஊரின் வாழ்வு தலைமுறை தலைமுறையாக எங்ஙனம் மாறிற்று என்று எண்ணுடன் சொல்லக்கூடியன நம் நாட்டில் மிகச் சில. அவற்றுள் ஒன்று நமக்கு இத்துணை அருகில் உளது என்பதை நம் இளைஞருள் எத்தனைபேர் அறிவர்?

குமரப்பாவின் வரலாற்றுக்கு மீள்வோம். மாதர் ஆராய்ச்சி முடியுங்கால் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. யங் இந்தியாவுக்கு எழுதுமாறு காந்தியடிகள் பணித்தபொழுது, தமக்குக் கணக்கு ஏடு பார்க்கத் தெரியுமேயன்றிக் கட்டுரை எழுதத் தெரியாதென்று அவர் தயங்கினாராம். பின்னர் அவ்விதழை நடத்தும் பொறுப்பே அவர்மீது வந்தது. சிறையும் வந்தது; ஒருமுறையன்று, பலமுறை. 1931இல் கராச்சிக் காங்கிரசு, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையேயுள்ள பொதுக்கடனை ஆராயக் குழுவொன்று அமைத்தது. குமரப்பா அதனைக் கூட்டி நடத்துபவரானார். கம்பெனியார் நடத்திய போர்களும் ஆப்கானியப் போர்களும் எவர்பொருட்டு நடந்தன, அவற்றின் செலவை இந்தியக் குடிகள் தலையில் ஏற்றியது முறையோ என்று அக்குழு ஒவ்வொரு தொகையாக எடுத்து வினவியது.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெருநிலநடுக்கம் நேர்ந்தது. இராஜேந்திர பிரசாதர் தலைமையில் உதவிக்குழு அமைந்தது. நாடெங்குமிருந்து பொருள் குவிந்தது. துன்பகாலத்திற் குவியும் பொருள்போலக் கசிந்து மறைவது பிறிதில்லை. அதனைக் காக்கக் குமரப்பா அழைக்கப்பட்டார். தொண்டர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு மூன்றணாவுக்கு மேல் உணவுச்செலவு கூடாது என்று அவர் விதித்தார். காந்தியடிகள் பரிவாரத்துடன் அங்கு வந்தபொழுது, பழத்திற்கும் ஆட்டுப்பாலுக்கும் ஆன செலவு அவ்வளவையைக் கடந்ததென்றும், அதனை நிவாரண நிதியிலிருந்து தர இயலாதென்று குமரப்பா மறுத்துவிட்டாரென்றும், அடிகளும் அதுவே முறையென்று ஏற்றாரென்றும் அவர் வரலாறெழுதினோர் கூறுவர். முன்னறிவிப்பின்றி அழைத்தமையின் கணக்குவேலையை விட்டு வர இயலாதென்று அடிகளுக்கே சொல்லியனுப்பினார் என்பதும் உண்டு.

நம் காஞ்சி ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் உள. வாரியத்திற் பணிசெய்து கணக்குக் காட்டாதிருந்தாரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றார் என்று அவை விதிக்கின்றன. குமரப்பா அக்கல்வெட்டைக் கண்டிருந்தாரோ இலரோ, அவ்விதியின் வழியே நின்றார். தலைவரிடத்துக் கணக்குக் கேட்க அஞ்சுபவன் ஆராய்ச்சிக்கு உரியவனல்லன். அவன் எழுதும் எண், தலைவர் விரும்பும் எண்ணாகவே இருக்கும். இன்று பல ஆராய்ச்சி நிலையங்கட்கு அரசும் செல்வரும் பொருளுதவுகின்றனர். உதவினோர் மனம் கோணும் முடிவு கிடைக்குமாயின் அதனை வெளியிடுவரோ என்பதே அவற்றை அளக்கும் உரைகல்.

அவ்வாண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியது. வார்தாவில் மகன்வாடி என்னுமிடம் அதன் இருப்பிடமாயிற்று. செயலாளராய் அமர்ந்த குமரப்பா அங்கே நெடுங்காலம் உழைத்தார். கைநூற்புக்கும் கதருக்கும் முன்னரே வேறு சங்கம் இருந்தமையின், எஞ்சிய கைத்தொழில்கள் இவர் பொறுப்பாயின: செக்கு, நெல் குற்றுதல், மாவரைத்தல், பனைவெல்லம், தேனீ வளர்த்தல், கைக்காகிதம், சவர்க்காரம். மண்ணெண்ணெய்க்கு மாறாகத் தாவர எண்ணெயால் எரியும் விளக்கொன்றும் அங்கே ஆக்கப்பட்டது.

மகன்வாடியை வெறும் பட்டறை என்று கருதற்க. அஃது ஆராய்ச்சிக்கூடம். ஓர் ஊரார் தம் எள்ளை ஆலைக்கு விற்று எண்ணெயை விலைக்கு வாங்குவாராயின், ஊரைவிட்டுப் போவது கூலி மட்டுமன்று. பிண்ணாக்கும் போகின்றது, அதனால் மாட்டின் உணவும், மாட்டால் வரும் எருவும் போகின்றன. ஆலை எண்ணெய் மலிவு என்று கணக்கெழுதுவோன் இவற்றை எழுதுவதில்லை. எழுதாத செலவை எழுதிக்காட்டுவதே குமரப்பாவின் வன்மை. நம் தறிக்கும் இது பொருந்தும். விசைத்தறிச் சேலை மலிவு என்பது கடைக்காரன் கணக்கு. ஒரு கைத்தறி நிற்குமாயின் வேலையிழப்போர் நெய்பவன் ஒருவனோ, சாயம் தோய்ப்பவன், பாவு பிணைப்பவன், அடை கட்டுபவன், தறி செப்பனிடும் தச்சன் ஆகியோருமோ என்பது நாம் எழுதவேண்டிய கணக்கு. யாம் அறிந்தவரை அதனை முற்ற எழுதித் தந்தார் நம்முள் ஒருவருமிலர்.

1938இல் மத்திய மாகாண அரசு தன் நாட்டுத் தொழில்நிலையை ஆராயக் குழுவொன்று அமைத்துக் குமரப்பாவைத் தலைவராக்கியது. மாதர் தாலூகாவிற் கற்ற முறையே இங்குப் பெருகியது. நூற்றுக்கணக்கான ஊர்கள் ஆராயப்பட்டு 1939இல் அறிக்கை வெளிவந்தது. வடமேற்கெல்லை மாகாணத்திற்கும் அவர் ஒரு திட்டம் வகுத்துத் தந்தார். நேருவின் தலைமையில் அமைந்த தேசியத் திட்டக்குழுவில் உறுப்பினராகவும் அழைக்கப்பட்டார். பேராலைகளையே நாடும் அவர்தம் போக்குத் தமக்கு ஒவ்வாதென்று சின்னாளில் விலகிவிட்டார்.

இவ்விடத்தில் அவர்தம் குறையையும் சொல்லுதல் முறை. குமரப்பா கடுஞ்சொல்லர், வெகுளி விரைவில் வருவது. குழுவில் ஒவ்வாமை தோன்றின் இருந்து வாதாடி மாற்றுதலினும் எழுந்துபோதலே அவர்க்கு எளிதாயிருந்தது. கொள்கை ஆராய்ச்சிக்குக் கண்டறியும் திறம் பாதி. கண்டதை ஒவ்வாதாரும் கேட்குமாறு எடுத்துரைத்து, ஆளும் கைகளிற் சேர்ப்பிக்கும் பொறுமை மறுபாதி. முதற்பாதியில் அவர்க்கு நிகர் அரியர். மறுபாதியில் அவரினும் வல்லார் பலர். தமிழாசிரியனாகிய எனக்கு மற்றுமொரு குறை: அவர்தம் முதன்மையான நூல்கள் யாவும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. எந்த ஏழைக்காக எண்ணினாரோ அவ்வேழையின் மகன் அந்நூலைப் படிக்க மொழிபெயர்ப்பை நாடல் வேண்டியதாயிற்று.

1942ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் ஜபல்பூர்ச் சிறையில் இருக்கையில் அவர் எழுதியனவே இயேசுபெருமானின் போதனைபற்றிய நூலும், நிலைத்த பொருளாதாரம் என்னும் நூலும். காந்தியடிகள் அவரைக் கிராமக் கைத்தொழில்களின் டாக்டர் என்று போற்றி முன்னுரை வழங்கினார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, நட்டு வளர்க்காத மரத்தின் கனியைப் பறிக்கும் குரங்கு, கூடி உழைக்கும் தேனீ, கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் பறவை ஆகியவற்றைக் காட்டி, மாந்தர் பொருளீட்டும் முறைகளையும் அவ்வண்ணமே அந்நூலில் வகுத்தார். எடுத்தவண்ணமே இருப்பின் தீர்ந்துபோகும் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றின்மேல் நாட்டின் வாழ்வைக் கட்டுதல் தகாதென்றும் வற்புறுத்தினார். அந்நாளில் அதனைப் பிற்போக்கென்று நகைத்தோர் பலர். பூமி வெப்பமுறுதலைப்பற்றி உலகம் கவலுறும் இந்நாளில் நகைப்பார் குறைவு.

விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். பல மாகாணங்களுக்கும் சென்று, நிலக்கிழார், குத்தகைக்காரர், கூலியாட்கள் ஆகிய முத்திறத்தாரையும் வினாவி, 1949 ஜூலையில் அறிக்கை தந்தனர். உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே நின்று உண்போரை நீக்குக, குத்தகை உழவனைக் காக்க, ஒருவர் கொள்ளும் நிலத்திற்கு எல்லை வகுக்க என்பன அதன் சாரம். இடைநின்றோரை நீக்கும் சட்டங்கள் மாகாணந்தோறும் இயற்றப்பட்டன. நில உச்சவரம்பு பல்லாண்டு கழித்தே வந்தது. வந்தும் பலவிடத்து ஏட்டளவில் நின்றது. நல்ல அறிக்கையும் அலமாரியில் உறங்குவதுண்டு என்பதை இத்தொழிலை நாடும் இளைஞர் முன்னரே அறிந்துகொள்ளல் நலம்.

உறங்காத அறிக்கையும் உண்டு. அதற்குச் சான்று நம் ஊரிலேயே நிற்கின்றது. பிரடெரிக் நிக்கல்ஸன் என்னும் சென்னை மாகாண அதிகாரி ஐரோப்பிய நாடுகளில் எளியோர் கூடி நடத்திய கடன்சங்கங்களை ஆராய்ந்து, 1895லும் 1897லும் இரு பகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். அதன் பயன்களுள் ஒன்று 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம். அச்சட்டத்தின் கீழ் அவ்வாண்டு அக்டோபரில் இந்தியாவிலேயே முதலாவதாகப் பதிவு பெற்ற நகரக் கடன்சங்கம் காஞ்சிபுரத்தினது. ஜெர்மானியச் சிற்றூர்களின் கணக்கேடுகளை ஒருவர் பொறுமையுடன் படித்தமையால், நம் பாட்டன்மார் காலத்தில் இவ்வூரார் வட்டிக்கடைப் படியன்றி வேறொரு படியிலும் ஏற வழி பிறந்தது. பிள்ளையார்பாளையத்து அன்பர் இதனைக் கேட்டுச் சிறிதுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார்.

ஊதியம் தருவார் யார் என்ற அவர் வினாவுக்கும் விடை சொன்னேன். மத்திய அரசில் இந்தியப் பொருளாதாரப் பணி, இந்தியப் புள்ளியியற் பணி என இரண்டு உள; தேர்வெழுதிச் சேரலாம். சென்னை அடையாற்றில் மால்கம் ஆதிசேஷையா 1971இல் நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிலையம் உளது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு அமைத்த மாநிலத் திட்டக்குழுவும் உளது. இவையன்றிப் பல்கலைக்கழகங்களும் தனியார் நிலையங்களும் உள. வேண்டிய கல்வியோ, கணிதமும் புள்ளியியலும் பொருளாதாரமும். அவற்றோடு தெளிவாக எழுதும் மொழித்திறம். கணிப்பொறியில் எண்களை ஆளவும் வேண்டும். ஊதியம் வைத்தியர்க்கும் மென்பொருளார்க்கும் நிகராகாது. முதற் சில ஆண்டு தற்காலிக வேலையாகவே அமைதலும் கூடும். இதனை மறைத்துரைத்தல் அப்பெண்ணுக்குத் தீங்கு செய்வதாகும் என்று கருதி அதனையும் சொன்னேன்.

நம்மிடத்து ஒன்று சொல்லவேண்டியுளது. கைத்தறிக்கென்று சில வகைத் துணிகளை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. 2019-20இல் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு நாடெங்கும் நடைபெற்றது. சட்டம் இருந்தும் விசைத்தறிச் சேலை காஞ்சிப்பட்டென்று விற்கப்படுகின்றது என நாம் ஆண்டுதோறும் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புகின்றோம். அத்தீர்மானங்களில் வருத்தம் உண்டு, வணக்கம் உண்டு, எண் இல்லை. எத்தனை தறி நின்றன, எத்தெருவில், எவ்வாண்டில், நெய்தவன் மகன் எத்தொழிலுக்குச் சென்றான் என்று கேட்டால் நம் சங்கத்திடம் ஏடில்லை. பிறர் எண்ணி எழுதியதை ஏற்பதும் மறுப்பதுமன்றி நமக்கு வேறு வழியில்லாதிருக்கின்றது.

குமரப்பா மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தார். 1950க்குப் பின் சீனம், ஜப்பான், ருஷியா ஆகிய நாடுகளைக் கண்டுவந்து, அவற்றின் உழவையும் கைத்தொழிலையும்பற்றி எழுதினார். ஐந்தாண்டுத் திட்டங்கள் செல்லும் வழி சிற்றூர்க்கு நன்மை தராதென்று வெளிப்படையாகக் கண்டித்தமையால், தில்லியில் அவர் சொல் ஏறவில்லை. உடல் தளர்ந்தபின் தமிழ்நாடு வந்து, மதுரைப் பக்கத்து டி. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்திற் குடிசையொன்றில் தங்கினார். அக்குடிசைச் சுவரில் ஓர் ஏழைக் குடியானவனுடைய படம் இருந்தது. காண வந்தோர் அவன் யாவன் என்று வினவினால், தமக்குத் தலைவர் காந்தியடிகள், அத்தலைவர்க்குத் தலைவன் இவன் என்று விடையிறுப்பாராம்.

இரத்தக்கொதிப்பு நோய் அவரை நெடுநாள் வருத்தியது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், தம் 68ஆம் வயதில் உயிர்நீத்தார்.